பெட்டி திரும்பி வரக்கூடாது

சீனக்குடா விமானத் தளத்தின் பயணிகள் மண்டபத்துக்கு மண்டபம் என்று பெயர் வைத்தவனின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல் விட்டுப்போன தகரக் கொட்டில் அது. வாசலில் பெரிய பெயர்ப்பலகை. உள்ளே உட்கார முதுகு கழன்ற நீள வாங்கு, நாலு கதிரை, சுற்ற மறந்த மின்விசிறி, மூலையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. சுவரில் ‘பிரயாணிகளின் சகல வசதிகளுக்காகவும்’ என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. அதன் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. குருவிக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அங்கே போக நேர்ந்தது வெள்ளத்தால். அடுத்த நாள் காலை கொழும்பில் எனக்கு நேர்ஸ் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. மழையோ ரயில் பாதையை அரித்துக்கொண்டு போயிருந்தது. தம்பலகாமத்துக்கு அப்பால் பஸ்ஸும் இல்லை. மிஞ்சியது பிளேன்தான். பரீட்சையைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். மூக்கால் கதைக்கிற கிளாக்கர் ஒருவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். பார்த்து வைத்தவர் மாமி.

மாமி அப்பாவின் அக்கா, விதவை, எங்களோடுதான் இருந்தார். எங்கள் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அப்பா, தீர்ப்புச் சொல்வது மாமி. “ஊரான்ர பீமூத்திரம் அள்ளுறதுக்கோ இவளைப் படிப்பிச்சது?” என்பதுதான் என் விஷயத்தில் தீர்ப்பு. அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பீல் செய்தார். குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்பா காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு, பின்னேரம் சம்மதித்தார். மாமி நேரே காளி கோயிலுக்குப் போனார். நான் போன காரியம் சரிவராமல் திரும்பி வர வேண்டுமென்று நேர்த்தி வைத்தார். ஒளித்து மறைத்து அல்ல, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான்.

ஆனால் பிடிக்காத பயணமென்றாலும் முறை முறைதான். பிளேன் புறப்படும் நேரம் ராகு காலத்தில் விழுந்தது. ஆகவே விடியற்காலையில் நல்ல நேரம் பார்த்து, என் பெட்டியை மாமியே தூக்கி வாசல் படலை தாண்டிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பெட்டி வெளிக்கிட்டால் ஆளும் வெளிக்கிட்ட மாதிரி. அதன் பிறகு அந்தப் பெட்டியோ, பயணத்துக்குக் கட்டின சாப்பாடோ படலைக்குள் திரும்பி வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்தது, போன காரியமும் பாழ். இதை மாமி எனக்குப் பால்குடி மறக்கும் முன்பே படிப்பித்திருந்தார்.

என்னை வழியனுப்ப ஒரு வாடகைக் கார் நிறையச் சனம் வந்தது. ஆளுக்கொரு பார்சல். மூதூர் எருமைத் தயிர் முட்டி, சல்லிக் கருவாடு, முறுக்கு, தேன், பனங்கட்டி. எல்லாம் கொழும்பில் இருக்கிற தங்கள் மகனுக்கும் மருமகனுக்கும். கொழும்பில் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. கொண்டுபோக ஏலாது என்று சொன்னால் எங்கள் செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். அம்மா எனக்கென்று ஒரு பொதி புட்டு மட்டும் கட்டித் தந்தார்.

மண்டபத்தின் சாப்பாட்டுப் பகுதி ஒரு கண்ணாடி அலுமாரி. அதை வைத்திருந்தவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர். சுவரில் கோழி, மட்டன், புடிங் என்று நீளமாக எழுதியிருந்தது. அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பலகை. அலுமாரிக்குள் இருந்தது மீன் பணிஸ் மட்டும்.

“காலையில சுட்டது, அம்மா” என்றார் நானா.

“எந்தக் காலையில?” என்றார் மாமி. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடியாத மனுஷி அவர்.

கக்கூஸ் பூட்டின் திறப்பும் நானாவின் மடியில்தான் இருந்தது. பூட்டாவிட்டால் ஆடுகள் போய்ப் படுத்துவிடுமாம். அவசரக்காரர் முதலில் தேத்தண்ணி குடிக்க வேண்டும், பிறகுதான் மடி அவிழும். அதனால் போன அவசரம் தீர்ந்து வெளியே வரும்போதே அடுத்த அவசரம் தொடங்கிவிடும். விமானக் கம்பனியின் கிளாக்கர் ஒரே ஆள். டிக்கெற் பார்ப்பதும், பெட்டி தூக்குவதும், ஓடுபாதையில் மேய்கிற மாடு கலைப்பதும் அவர்தான். மாடு கலைக்கப் போகும்போது மட்டும் தொப்பி போட்டுக்கொள்வார்.

பிளேன் சின்னது. ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். என்னைத் தராசில் ஏறச் சொன்னதும் மாமி குறுக்கே விழுந்தார்.

“குமர்ப்பிள்ளையை நிறுக்கிறதோ? இதென்ன, சந்தையோ?”

“சட்டம், அம்மா” என்றார் கிளாக்கர். சட்டத்தோடு நிற்காமல், என் நிறையைக் கொட்டில் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். எத்தனை இறாத்தல் என்று நான் இங்கே எழுதமாட்டேன். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பார்சல்கள் தராசில் ஏறின. “பாரம் கூடிப்போச்சு. தங்கச்சி அடுத்த பிளேனில போகட்டும், நாளையிண்டைக்கு” என்றார் கிளாக்கர், தேத்தண்ணி ஊற்றச் சொல்கிற மாதிரி.

நாளையிண்டைக்குப் போய் என்ன? பரீட்சை நாளைக்கு. மாமிக்கு நேர்த்தி பலித்துவிட்டது, இனி பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் மாமியின் கண் வாங்கின் மறு நுனியில் நின்றது. அங்கே றோட்டு வேலை குத்தகைக்கு எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர் கொழும்புக்குப் போக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் இருக்கக்கூடிய இடம் அவருக்கே காணாது.

“இவரை நிறுத்தனீரோ?”

“ஐயாவை நிறுக்கத் தேவையில்லை. குத்துமதிப்பா எழுதியிருக்கு.”

“எங்கட பிள்ளையை ஊர் பாக்க நிறுப்பீர், ஐயாவுக்கு மட்டும் குத்துமதிப்போ? ஏத்தும் தராசில!”

மாமியின் குரலுக்குத் துறைமுகக் கப்பலே நங்கூரம் தூக்கும். கொந்தராத்துக்காரர் ஏறினார். முள் ஒரேயடியாக மறுகரைக்குப் போய் இடித்து நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. முதலில் கொஞ்சம்தான் கூடியிருந்தது, இப்போது அநியாயத்துக்குக் கூடிவிட்டது. அவரிடம் இறக்கி வைக்க ஒரு குடைதான் இருந்தது. அவருடைய பாரமெல்லாம் உள்ளேயே இருந்தது.

“பார்சல் எல்லாத்தையும் இறக்குங்கோ” என்றார் மாமி. இறக்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகவும் ஏலாது, எறியவும் மனம் வராது. வழியனுப்ப வந்த சனம் வாங்கைச் சுற்றி இருந்து தின்னத் தொடங்கியது. தயிர் முட்டி உடைந்தது, பனங்கட்டி கரைந்தது, கருவாட்டை நானாவின் அடுப்பில் சுட்டார்கள். சகல வசதியும் அன்றைக்குத்தான் அந்த மண்டபத்துக்கு வந்தது. கொந்தராத்துக்காரர் முறுக்கில் கை வைத்தபோது கிளாக்கர் பாய்ந்து வந்தார்.

“ஐயா, வயித்துக்குள்ள போனாலும் நிறை நிறைதான்!”

“ஏறிப் போறவை ஒருத்தரும் வாயில வைக்கக்கூடாது” என்று மாமி உத்தரவு போட்டார். என் புட்டையும் பறித்து அப்பாவிடம் கொடுத்தார். நானும் கொந்தராத்துக்காரரும் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

அப்படியும் பாரம் இறங்கவில்லை. கிளாக்கர் வெளியே போய் வானத்துக்குக் காது கொடுத்தார். “வருது!” என்று கத்திவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மாட்டுப் பக்கம் ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே என் பெட்டியைக் காட்டினார். “இதை விட்டிட்டுப் போகலாமெண்டால் தங்கச்சிக்கு இடமிருக்கு.”

விட்டேன். கைப்பையும் உடுத்த சேலையுமாக ஏறினேன். யன்னலால் பார்த்தபோது எல்லோரும் கை காட்டினார்கள். மாமி மட்டும் காட்டவில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வீட்டுக்குப் போனால் என் கதை முடிந்தது. சீனக்குடாவிலிருந்து கொழும்பு இரத்மலானை வரை அந்த ஒரே நினைப்புத்தான். படித்த பெண் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பீர்கள். வெறும் வயிற்றோடு மேகத்துக்குள் குலுங்கிப் பாருங்கள், பிறகு கேளுங்கள்.

கசங்கின அதே சேலையோடு பரீட்சைக்குப் போனேன். பயிற்சிக்கு எடுபட்டேன். சில நாளில் என் பெட்டியும் பிளேனில் வந்து சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை வருடப்பிறப்பு லீவில் வீட்டுக்கு வந்தபோது அம்மா சொன்னார். அன்றைக்கு அப்பா பெட்டியைக் காரில் ஏற்றப் போயிருக்கிறார். மாமி பெட்டிக்கு மேலேயே ஏறி இருந்துவிட்டாராம். “இது வீட்டை வராது. நீங்கள் போங்கோ.” கிளாக்கர் பின்னேரம் கொட்டிலைப் பூட்டியதும் நானா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த பிளேன் வரும்வரை மாமி பெட்டியோடு அந்த வீட்டில்தான் இருந்தார். நானாவின் மனைவி சமைத்ததைச் சாப்பிட்டார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடியாத மாமி! பெட்டி பிளேனில் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பஸ் ஏறினாராம்.

குசினிக்குள் போனேன். மாமி தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். வட்டிலப்ப இனிப்புக்காம், நானாவின் மனைவி சொல்லிக்கொடுத்ததாம்.

“மாமி, நான் சரிவராமல் திரும்பி வரவேணுமெண்டு நேர்த்தி வைச்சனீங்கள்தானே?”

“ஓம், வைச்சனான்.”

“பெட்டியை வீட்டை கொண்டு வந்திருந்தால் முடிஞ்சிருக்குமே?”

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். “காளியிட்டக் கேட்டது என்ர மனசு. அது கேட்கும். அதுக்காக உன்ர பயணத்தை என்ர கையால முறிப்பனோடி?” என்றார். பிறகு, “தராசில நிண்டதைவிட மெலிஞ்சு போனாய். இரு, சாப்பிடு” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.