முட்டுக் கொடுக்காமல் வெட்டிய கார்

என் அண்ணனுக்கு எஞ்சியிருந்த ஆசை ஒன்றே. இளமையில் தாம் வாங்கிய காரில், இன்னும் ஒரு கிருத்திகைக்கு வல்லக்கோட்டை சென்று முருகனைத் தரிசிக்க வேண்டும். முழங்கால் நோயால் அவர் ஓட்ட இயலாது. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்வார் என்பது ஏற்பாடு. அக்காரில் அவருக்கு மிகவும் பிடித்தது கதவுதான். சற்றே தூக்கி ஓங்கிச் சாத்தினால் 'டொப்' என்று ஒரே ஓசையில் அமரும். "இப்போ வர்றதெல்லாம் தகர டப்பாடா" என்பார்.

முன்னும் பின்னும் செங்கல் அடுக்கி வண்டியை உயர்த்திப் பார்த்தபோதுதான் நிலைமை விளங்கிற்று. கதவுகளுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற இரும்பு, இருபுறமும் துருவேறி அப்பளமாக நொறுங்கியது. அவ்வகை வண்டிக்கு அடியில் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது; அவ்விரு பெட்டிகளே அதன் முதுகெலும்பு.

என் மருமகன் ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலையில், உடலைப் பற்றவைக்கும் பிரிவில் இருக்கிறார். நானும் அத்தகைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனே.

"இன்னிக்கு வுட்டா அடுத்த வாரம் ஓவர்டைம் மாமா, வர முடியாது. ரெண்டு பக்கமும் இப்பவே அறுத்துடலாம்" என்றார் மருமகன்.

"அறுக்கறது கறிக்கடையில கூட அறுப்பான் மாப்ள. ஒட்டறதுதான் வேலை" என்று நாற்காலியிலிருந்து அண்ணன் சீண்டினார்.

அறுத்தோம், புதுத் தகடு வளைத்துப் பற்றவைத்தோம். வேலை தூய்மையாகவே அமைந்தது. வண்டியை இறக்கியதும் அண்ணன் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். மேல் விளிம்பு இடித்து நின்றது.

"இன்னாடா, சாத்த மாட்டேங்குது?"

தொழிற்சாலையில் கார் உடலை இரும்புத் தாங்கிகள் எப்பொழுதும் இறுகப் பிடித்திருக்கும். ஆதலால், வெட்டினால் உடல் தொங்கும் என்ற எண்ணமே எங்கள் இருவருக்கும் உதிக்கவில்லை. நடுவுடல் விரற்கடை இறங்கியிருந்தது. இறங்கியவாறே அதை நிலையாக ஒட்டியிருந்தோம். கதவு வாயிலின் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக் கொடுத்திருந்தால் போதும்.

"மறுபடி பிரிச்சிடலாம் பெரிய மாமா" என்றார் மருமகன். சுற்றியுள்ள இரும்பு இன்னொரு வெட்டைத் தாங்காது என்பதை மூவரும் அறிந்திருந்தோம்.

"கதவ கயிறு போட்டு கட்டிகினு போயிடலாம், வுடு மாப்ள" என்று சிரித்தார் அண்ணன். அச்சிரிப்பை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கிருத்திகையன்று வாடகைக் கார் வந்தது. அண்ணன் ஏறி, வழக்கம்போல் கதவைத் தூக்கி ஓங்கிச் சாத்தினார்.

"ஐயா, மெதுவா! கண்ணாடி பூடும்" என்றார் ஓட்டுநர்.

அண்ணன் கதவைத் திறந்து, இம்முறை மெல்லச் சாத்தினார். ஓசையே எழவில்லை. ஐயத்துடன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாத்திக்கிச்சாடா?"

"சாத்திக்கிச்சு அண்ணா" என்றேன்.