முருங்கைக்குப் போக வேண்டிய சீட்டுகள்

அடுத்தவர் எழுதியதைத் திருட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது என்பது எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். ஐம்பத்து மூன்று வயதில், ஒரே மாலையில், முப்பது பேர் எழுதியதைப் படித்தேன். காபி குடித்துக்கொண்டே படித்தேன். சிலவற்றை இரண்டு முறை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அகிம்சை மையம். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் மீதாவது கோபம் இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதி, மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். கூட்டம் முடிந்ததும் சீட்டுகளைப் பிரிக்காமல் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, கீழே நிற்கும் முருங்கைக்குப் போடுவோம். அத்தனை கோபத்தையும் தின்று அந்த மரம் நன்றாகவே காய்த்தது. ஊறவைக்கும் வேலை என்னுடையது. நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனிடம் அந்த வேலையைக் கொடுத்ததுதான் மையம் செய்த ஒரே வன்முறை.

அன்று மோட்டார் பழுது. தொட்டியில் தண்ணீர் இல்லை. வீட்டில் ஊறவைத்துக்கொள்ளலாம் என்று டின்னை ஸ்கூட்டரில் எடுத்துவந்தேன். ஒன்றே ஒன்று பார்ப்போம் என்று பிரித்தேன். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

அதில் ஒரு சீட்டு என்னை விடவில்லை. “நாலு வருஷமா தங்கச்சிகூட பேச்சு இல்ல. ஆனா சீசனுக்கு சீசன் அண்ணாகிராமத்துலேர்ந்து பலாப்பழம் அனுப்பிடறா. நான் வாயில வைக்கிறதில்ல, தெருவுக்கே குடுத்துடறேன். கொட்டைய மட்டும் எடுத்து வச்சிக்கிறேன். ஏன்னு தெரியல.”

அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமைதி விழா. மையத்திலிருந்து வேன் வைத்துப் போனோம். கோபத்தைக் கையாள்வது எப்படி என்று நான் பேச வேண்டும். தலைப்பைச் சொன்னபோது என் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயத்தில் பலாக்கொட்டைக் கதையை எடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் ஓர் அம்மா என்று ஆரம்பித்து, அண்ணாகிராமத்தைக்கூட மாற்றாமல், கொட்டையை முறத்தில் காயவைப்பதுபோல நடித்தும் காட்டினேன். மண்டபம் குலுங்கியது. மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையைப் பார்த்தவர் எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் தையல்காரம்மா. பக்கத்தில் இருப்பவர் அவருடைய தங்கை என்றும், அக்காதான் கெஞ்சிக் கூத்தாடி இன்று வரவழைத்தார் என்றும், இன்றைக்குத் தங்கை அக்கா வீட்டில்தான் தங்கப் போகிறார் என்றும் மையத்தை நடத்தும் அம்மா டீ இடைவேளையில் பூரிப்போடு சொன்னார். கையிலிருந்த சமோசாவை என்ன செய்வதென்று தெரியாமல் தின்றுவிட்டேன்.

திரும்பும்போது வேனில் தையல்காரம்மாவின் பக்கத்து இருக்கை காலி. தங்கை ஊருக்கே திரும்பிப் போக பண்ருட்டி பஸ் ஏறிவிட்டார்.

“நான் யார்கிட்டயும் சொன்னதில்ல சார்,” என்று அவர் என் பக்கம் திரும்பினார். “ஊரான்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலையான்னு கேட்டுட்டுப் போறா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சும்மா கற்பனை என்றேன். செம்மங்குப்பம் வந்ததும் தொழிற்சாலைகளின் ரசாயன வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் முகத்தையே பொத்திக்கொண்டேன்.

எட்டு நாள் தாங்கினேன். நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த சீசனுக்குப் பழம் வராது, அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முதலில் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. பிறகு அண்ணாகிராமத்துக்குப் பஸ் ஏறினேன். தங்கை வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் அக்கா யாரிடமும் சொல்லவில்லை, எழுதித்தான் போட்டார், பிரிக்கக் கூடாததைப் பிரித்தவன் நான் என்று நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

“ஏன்னு தெரியலன்னு அவளே எழுதியிருந்தாளா?”

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் உடைத்த நாலைந்து கொட்டைகளில் பருப்பு முழுசாக வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். டின் இப்போது வேறொருவர் பொறுப்பில் இருந்தது. ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போட்டார்கள். எழுதும்போது இரண்டு பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். எப்படியோ சேர்த்துவைத்துவிட்டோம் என்ற நினைப்பில், வீட்டிலேயே தயார் செய்து வந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே தையல்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“விடுங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே ஆள் மேலதான் கோவம். எங்களுக்குள்ள கோச்சிக்க நேரமில்ல.”