நான் பிறந்த அன்று பெய்யாத மழை

ஷா ஆலம் தொழிற்சாலையில் எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு ஜப்பானியர். ரேடியோவுக்குள் வைக்கும் பொடிப் பொடிச் சாமான்களை ஒரு தட்டில் கொட்டி, இடுக்கியால் எடுத்து அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். கை நடுங்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஐந்து நிமிடத்தில் சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி பக்கத்து அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசாரி நம்மவர்தான். ஆள் சேர்க்கும் பிரிவில் கிராணி, குமாஸ்தா உத்தியோகம். தமிழ் பேசினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தவர் மாதிரி இங்கிலீஷிலேயே ஆரம்பித்தார். என் ஐசியை, அந்தச் சிவப்பு அடையாள அட்டையை, கையால்கூடத் தொடவில்லை. பேனா முனையால் என் பக்கம் தள்ளினார்.

“யூ நோட் சிட்டிசன். சிவப்பு ஐசிக்கு வேலை பெர்மிட் வேணும்.”

“நான் இங்கதான் சார் பொறந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. பிறப்புப் பத்திரம் எங்க?”

அது என்னிடம் இல்லை. மாதக் கடைசிக்குள் அதைக் கொண்டு வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பெண் வந்துவிடுவாள் என்றார். அதில் பொய்யில்லை. வாசலில் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கோ அந்த வேலையை விட முடியாது. அப்பா போய் இரண்டு வருஷம். அம்மா ஒருத்தி, தன் தாய் வீடு இருந்த கிள்ளான் தோட்டத்துக்கே திரும்பி வந்து, ரப்பர் மரம் சீவி என்னையும் இரண்டு தம்பிகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

தம்பிகளுக்குப் பத்திரம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லாமல் போனது எங்கள் வழக்கத்தால். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். அதனால் அம்மா ரவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து என்னைப் பெற்றாள். பிள்ளை பிறந்தால் பதிவுக்கு எழுதி அனுப்ப வேண்டியவர் தோட்டத்துக் கிராணி. கிள்ளான் கிராணி, “தகப்பன் பேர் இருக்கிற தோட்டத்துல போய்ச் சொல்லு” என்றார். ரவாங் கிராணி, “பிள்ளை பொறந்த தோட்டத்துல போய்ச் சொல்லு” என்றார். இரண்டு பேர் சட்டைப் பையிலும் பேனா இருந்தது. ஒரு வரி எழுத ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அப்பா இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கிராணி வாயிலிருந்து வந்தால் அவருக்கு அது வேதம். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதற்காக அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான். பிறகு பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை வைத்துச் சிவப்பு ஐசி வாங்கினோம்.

பதிவு இலாகாவில், இத்தனை வருஷம் கழித்துப் பதிவதென்றால் நான் பிறந்ததைப் பார்த்த ஒருவர் வந்து சத்தியம் செய்ய வேண்டும், அவர் நீல ஐசி வைத்திருக்கும் குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்திலேயே அம்மா நின்றாள். என்னைப் பெற்றவளே அவள்தான். அவளுடையதும் சிவப்பு என்பதால் அவள் சொல் செல்லாது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்துப் பல வருஷம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோப்பிக் கடையைச் சொல்லி, அங்கே இதற்கென்றே ஓர் ஆள் இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனோம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநீறு, சலவைச் சட்டை, பையில் வெளியே தெரிகிற மாதிரி நீல ஐசி. அவருடைய சொத்து அதுதான்.

“கிள்ளான் பக்கமா? அந்தப் பக்கத்துல ஏழு பிள்ளைங்களுக்கு நான் சாட்சி சொல்லியிருக்கேன். நீ எட்டாவதும்மா,” என்றார் பெருமையாக. கூலியோடு மத்தியானச் சாப்பாடும் வேண்டும் என்றார். மீன் தலைக் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவர் மாதிரி ஒரு ஜென்மத்தின் வாயிலிருந்துதான் நான் பிறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூவரும் இலாகாவுக்குப் போனோம். சாட்சி சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். மலாய் மொழியில் தண்ணீர் மாதிரி கொட்டினார். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்.

“அன்னைக்கு நல்ல மழை, துவான். மருத்துவச்சிய என் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு வந்ததே நான்தான். லயத்து வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன், பிள்ளை அழுற சத்தம் கேட்டுச்சு.”

அதிகாரி எழுதிக்கொண்டே போனார். பின்னால் பெஞ்சில் இருந்த அம்மா சட்டென்று எழுந்து தமிழில் சொன்னாள்.

“மழையா? எல கொட்டுற மாசம்லா அது. ஒரு சொட்டு இல்ல. சைக்கிளும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்தம்மா நடந்துதான் வந்தாங்க.”

அதிகாரியின் பேனா நின்றது. அந்த மக்சிக், அந்த அம்மாள், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். சாட்சிக்காரர் வியர்த்துப்போய் என் முகத்தைப் பார்த்தார். மாதக் கடைசிக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

நான் மலாயில் சொன்னேன்: “அவங்களுக்கு வயசாயிடுச்சு. ஞாபகம் சரியில்ல. ஏதாச்சும் பேசுவாங்க.”

அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பாசாரில் பேரம் பேசிப் பேசி மலாய் அவளுக்கு நன்றாகவே தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி அவளை ஒரு முறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் சாட்சிக்காரர், “அம்மா கெடுக்கப் பார்த்துச்சு, நீ சமாளிச்சிட்ட. பொழைச்சுக்குவ,” என்று என்னைப் பாராட்டினார். டை கட்டிய கிராணியையும், இரண்டு தோட்டத்துக் கிராணிகளையும், இந்த மீன் தலை மனிதரையும் அதுவரை நான் ஒரே தட்டில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டில் இனி எனக்கும் ஓர் இடம் உண்டு என்பது அந்தப் பாராட்டில்தான் உறைத்தது. அவர்களாவது தங்களைப் பெற்றவளைப் பற்றி, அவள் காதுபடப் பொய் சொல்லவில்லை.

கிள்ளான் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிடலாம் என்றிருந்தது. பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

“வேலைக்கு எப்ப வரச் சொன்னாங்க?”

“பத்திரத்தைக் காட்டுனா, திங்கக்கிழமை.”

“எழுதி வச்சுக்க. எனக்குத்தான் ஞாபகம் நிக்காதே.”