மேசையில் விட்டுப்போன நோட்டு

தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, தலையைச் சற்றே சாய்த்துச் சிரிக்கிறார் ஹோட்டல் சர்வர். சாப்பிட வந்த பெண்மணி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்கிறார். இந்த ஆள் எதற்கு இளிக்கிறான் என்ற பயம்.

சமையலறையில் இவருக்குச் 'சிரிப்பண்ணன்' என்று பெயர். வாலிபம் முழுக்க வேறொரு நாட்டில் பரிமாறியவர். அங்கே சம்பளம் பெயருக்குத்தான். சாப்பிட்டவர்கள் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸில்தான் அடுப்பு எரிய வேண்டும். "பல்லக் காட்டினாத்தான் வாடகை சார். காய்ச்சலோட சிரிச்சிருக்கேன்" என்பார்.

இங்கே சம்பளம் முழுதாக வருகிறது, டிப்ஸ் என்ற பேச்சே இல்லை. மேசையில் பணம் கிடந்தால் யாரோ மறந்தது என்று அர்த்தம்; ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் மனிதர் ஒரு நோட்டை எடுத்து, எல்லோர் எதிரிலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறந்தவர் திரும்பி வந்தார். திருட்டுப் பட்டம் கிடைத்தது.

"இன்னொரு தடவை நடந்தா மாடி ரூமையும் காலி பண்ணிடுங்க" என்றார் மேனேஜர். ஹோட்டல் கொடுத்த அந்த அறையில்தான் மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் இருக்கிறார்கள்.

அன்றோடு மனிதர் பாதியாகிவிட்டார். சிரிப்பு மட்டும் போகவில்லை. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி அழுதபோதும் சிரித்தாராம். "மூஞ்சி பழகிப்போச்சு சார், சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

நேற்று மத்தியானம் நல்ல மழை. வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு ஹோட்டல் வாசலில் ஒதுங்கி நின்றிருந்தேன். இவர் முன்பிருந்த நாட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் சாப்பிட்டுக் கிளம்ப, தட்டுக்கடியில் இருந்த நோட்டோடு அவர் பின்னாலேயே இவர் ஓடினார்.

"ஐயா, பணத்த மறந்துட்டீங்க."

"மறக்கலப்பா. உனக்குத்தான்."

"தெரியும் ஐயா, நானும் அங்க இருந்தவன்தான். திருப்பி வாங்கிக்கங்க."

பெரியவர் முகம் சுண்டிவிட்டது. அவர் ஊரில் டிப்ஸைத் திருப்பித் தருவது மூஞ்சியில் அடிப்பதுபோல. குறைந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"வேணாம் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." இரண்டையும் அவர் பைக்குள்ளேயே திணித்துவிட்டுத் திரும்பினார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மழையில் நின்றபடியே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு கால்சட்டைப் பைகளையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் காட்டினார், சிரித்துக்கொண்டே.