களத்தில் படுத்திருந்த கார்

எங்கள் சித்தப்பா கார் செய்யப் போகிறார் என்ற செய்தி பரவியபோது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் என் தலைக்கனம் தாங்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அதில் இறங்காமல், கல்கத்தா ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டுக்கு வேலைக்குப் போனவர் சித்தப்பா. அதனாலேயே அப்பா அவரோடு நேரில் பேசமாட்டார். எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கார், நீளமாக, தரையோடு தரையாகக் கிடந்தது. ஏறுவதற்குப் படி இல்லை. மட்கார்டின் மேல் தவளைக் கண்ணாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டிய விளக்குகள் உடம்புக்குள் போயிருந்தன. அமெரிக்காவில் யுத்தத்துக்கு முன்பே ஒன்றே ஒன்று செய்தார்களாம். விற்பதற்கில்லையாம், இனி வரப்போகும் கார்கள் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காம். அதையும் முதலில் களிமண்ணில் செய்து பார்த்தார்களாம். களிமண்தானே, நம் ஏரியில் இல்லாததா என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். ஷெட் முதலாளி பார்த்து ஒப்புக்கொண்டால் பழைய வண்டி ஒன்றில் அந்த உருவத்தைக் கட்டிவிடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஷெட்டை விட்டுவிட்டு ஏர் பிடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

“ஓடாத காரு இன்னாத்துக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“ஓட்றதுக்கு இல்ல அண்ணி. இத்தப் பாத்துக்கினு மத்த வண்டிங்க மாறணும்” என்றார் சித்தப்பா.

பெரியவர்களுக்காக இப்படிச் சொல்லிவைக்கிறார், கடைசியில் என்னை முன் சீட்டில் உட்காரவைத்துப் பழவேற்காடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார் என்று நான் நம்பினேன்.

அவ்வளவு பெரிய மண் உருவம் செய்ய எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு, சுடுகாட்டில் மல்லாந்து கிடக்கும் அங்காளம்மனை வருஷா வருஷம் மண்ணால் செய்கிறவர் அவர். பூசை முடிந்ததும் ஜனங்கள் பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளுவார்கள். குதிரில் போட்டால் நெல் குறையாது என்று நம்பிக்கை. அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த எங்கள் களத்தில் அவரும் சித்தப்பாவும் மூங்கில் கட்டி, வைக்கோல் சுற்றி, மண் பூசினார்கள். கைப்பழக்கத்தில் அவர் விளக்குக் குழிகளுக்குள் கண்மணி வைத்துவிட, அதைச் சுரண்டி எடுக்கச் சித்தப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலாளி வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, அவரை அழைத்துவர சித்தப்பா சைக்கிளில் போனார். வேலை முடிந்தால் கற்பூரம் காட்டாமல் அந்த மண்வேலைக்காரருக்குக் கை நிற்காது. காரின் மூக்கில் குங்குமம் வைத்து, எதிரே கற்பூரம் ஏற்றினார். ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். மாசி மாதம், நீளமான மண் உருவம், அதே ஆள். சுடுகாட்டில் முள் மண்டிவிட்டதால் அம்மனை இங்கே படுக்கவைத்திருக்கிறார்கள் என்று ஒரு காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவில் ஒரு பிடி அள்ளினாள். அவ்வளவுதான். “காரு, காரு” என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தடுக்கப் போன அம்மாவும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதலாளி வந்தபோது கதவும் இல்லை, பின்பக்கமும் இல்லை. கற்பூரம் எரிந்த முன்பக்கம் மட்டும் தப்பியிருந்தது. சித்தப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முதலாளி குனிந்து விளக்குக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“லைட்டு இன்னாத்துக்கு நைனா உள்ள போச்சு?”

வெளியே இருந்தால் மாட்டுவண்டி உரசினாலே உடைந்துவிடுகிறது, உள்ளே இருந்தால் தப்பிக்கும் என்றார் சித்தப்பா.

முதலாளி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். “காரெல்லாம் நமக்கு வாணாம். இந்த லைட்ட மட்டும் நம்ம லாரில வச்சிப் பாரு.”

ஏர் பிடிப்பதிலிருந்து சித்தப்பா தப்பினார். அவன் ஷெட்டுக்கே போகட்டும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய காரில் முதலாளியும் ஒரு பிடிதானே எடுத்தார்?

சில மாதங்களில் அந்த ஷெட்டிலிருந்து வந்த லாரிகளின் விளக்குகள் முகத்துக்குள் அடங்கின. அதைப் பார்த்து எதிர் ஷெட்காரரும் வைத்தார். அப்புறம் நெல்லூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகளிலும் வந்தது. சாயங்காலங்களில் சித்தப்பா என்னை ரோட்டோரம் கூட்டிப்போய் நிறுத்திக்கொள்வார். எங்கேயோ யாரோ கட்டிய லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகும்.

“பாத்தியா, நம்ம காரு போவுது” என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லோரும் உன்னுடையதைத் திருடுகிறார்கள், ஒருத்தராவது உன் பேரைச் சொன்னார்களா என்று ஒருநாள் சண்டையே போட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், தூரத்தில் வரும் அடுத்த லாரிக்காகக் கழுத்தை நீட்டி, சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். இந்த மனிதருக்குச் சொரணையே கிடையாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.