பதினோரு மணிக்கு மங்கும் தட்டு

காலையில் ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் வழக்கம்போலப் போனில் கிரகம் தேடிக்கொண்டிருந்தேன்.

தொலைநோக்கியில் பதிவான நட்சத்திர வெளிச்சத்தை வரைபடமாகத் தருவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் வெளிச்சம் மங்கினால், ஏதோ ஒரு கிரகம் குறுக்கே போகிறது என்று அர்த்தம். என்னைப் போல யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவர். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கு எதுக்கு புள்ள தொலைநோக்கி? எங்க ரூம்ல லைட்டே கெடையாது, வாசல் வெளிச்சந்தான். மருந்துல இருந்து கண்ண எடுக்கக் கூடாது. வாசல்ல ஆள் போனா முன்னால இருக்கற மருந்துத் தட்டு மங்கும். எம்புட்டு நேரம் மங்குதுன்னு வச்சே யாருன்னு சொல்லிருவோம். பதினோரு மணிக்கு மங்குனா செல்வி. தண்ணி கொண்டு போவா.”

மடியிலிருந்த தூக்குவாளியை நகர்த்தி வைத்துக்கொண்டு அக்கா தொடர்ந்தார்.

“போன சீசன்ல பக்கத்து ரூம் வெடிச்சதுல செல்வி போயிட்டா. ஆனா பதினோரு மணிக்குத் தட்டு இப்பவும் மங்குது.”

“வேற யாராச்சும் போவாகக்கா.”

“செல்வி ஒரு கால இழுத்து இழுத்து நடப்பா. அதே மாதிரிதான் மெதுவா மங்குது.”

“நிமிந்து பாத்தீகளா?”

“பாத்தா, யாரும் இல்லன்னு ஆயிருமே.”

அவர் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது மணி பத்தே முக்கால். ஆபீஸில் என் நாற்காலி வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் கிடக்கிறது; வாசல் வெளிச்சம் என் மேசை மேல்தான் விழுகிறது. யாராவது வந்து இடம் மாற்றிக்கொள்கிறீர்களா?