மலை சுற்றிய மூன்று ஆட்டோக்கள்

செங்கம் ரோட்டில் காபி குடித்துவிட்டு வரும்போது ஒரு பேட்டரி ஆட்டோ சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பதறி ஒதுங்கினேன். "ஏறுங்க சார். ஊர்லயே எங்க ஸ்டாண்ட்தான் மொதல்ல பேட்டரிக்கு மாறுச்சு" என்றான் ஓட்டுகிறவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மொதல்லயாம்!

அதே ஸ்டாண்டில் ஓட்டியவன் நான். அப்போதெல்லாம் அங்கே நின்றாலே சட்டையில் டீசல் வாடை ஏறிவிடும். என் மனைவி அதைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். என்னுடையது கேஸ் வண்டி. ஆனாலும் உறுமாத வண்டி வண்டியே இல்லை என்று நம்பிய மேதை நான்.

என் மனைவியின் தம்பி சேகர், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை விளைந்த நிலத்தை விற்றுப் பேட்டரி ஆட்டோ வாங்கி வந்தான். ஸ்டாண்ட் வரிசையில் ஓர் இடம் கிடைத்தால்தான் பிழைப்பு. ஸ்டாண்ட் தலைவர் பழைய டீசல் ஆட்டோக்காரர். அவருக்கு அவனைக் கண்டாலே இளக்காரம்.

"பொம்ம வண்டி மல சுத்துமா? சுத்திட்டு, எங்களவிட கம்மியா தின்னா எடம் குடுக்கறேன். ஆனா கிரிவலப் பாதையில எட்டு லிங்கத்துலயும் நிறுத்தி கற்பூரம் ஏத்தணும்."

கும்பிடுவதற்காக இல்லை. நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பேட்டரி படுத்துவிடும் என்ற கணக்கு. அவர் டீசல், என் கேஸ், சேகரின் பேட்டரி, மூன்றும் கிளம்பின. ஆனால் அவர் வண்டியை அணைத்தால் மறுபடி கிளப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் அணைக்கவே மாட்டார். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட நேரமெல்லாம் அது நின்ற இடத்திலேயே டீசலைக் குடித்தது. சேகரின் வண்டி நின்றால் நின்றதுதான், சொட்டு செலவில்லை. திரும்பி வந்து பார்த்தால் டீசலுக்குத்தான் செலவு ஜாஸ்தி, என் கேஸ் நடுவில், சேகருக்கு ஆனது செலவென்று சொல்லவே கூச்சம்.

பையனுக்கு வாய் நிற்கவில்லை. தலைவரிடமே ஆரம்பித்தான். "என் மோட்டார தொட்டுப் பாருண்ணா, வெதுவெதுன்னுதான் இருக்குது. உன் இன்ஜின்ல கை வெக்க முடியுமா? நீ ஊத்தறதுல முக்காவாசி சூடாவே போவுது."

"எனக்கே பாடம் எடுக்கறியா? எடமில்ல, போடா."

"ஜெயிச்சிட்டான்ல தலைவரே?" என்றேன்.

"ஜெயிச்சா? உனக்கும் வேணாமா எடம்?"

அந்த ஆளைப் போல ஓர் அற்பனை நான் பார்த்ததில்லை. அவர் செத்தாலும் மாலை வாங்கிக்கொண்டு போக மாட்டேன்.

சேகர் எங்கே போய் நின்றாலும் விரட்டினார்கள். கடைசியில் வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்றான். ஆள் வைத்து அதை வாங்கியவர் தலைவர். ஸ்டாண்ட் 'மொதல்ல மாறிய' கதை இதுதான்.

இப்போது அங்கே புகை இல்லை, வாடை இல்லை, மறுப்பதற்கில்லை. சேகர் சென்னையில் ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன். ஊர்ப்பக்கம் வருவதே இல்லை.